கிளுவை வேலி இலை கொட்டி நிற்கிறது, பட்டுப்போனதா?

கேள்வி:
போன மழைக்கு முன்னால் தோட்டத்தின் மேற்கு ஓரத்தில் 40 கிளுவைப் போத்து (நடுவதற்கு வெட்டிய கிளை) நட்டேன். முழத்துக்கு ஒன்று. மூன்று வாரத்தில் துளிர்த்தது. வெயில் ஏற ஏற இலை பழுத்துக் கொட்டி, இப்போது வெறும் குச்சிதான். தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன். நேற்று மனசு கேட்காமல் இரண்டைப் பிடுங்கிப் பார்த்தேன். ஒன்றில் வெள்ளை வேர் இருந்தது, இன்னொன்று அடியில் கறுத்து அழுகியிருந்தது. பேசாமல் கம்பி வேலிக்கே போய்விடட்டுமா?

பதில் 1:
தம்பி, பிடுங்குவதை நிறுத்துங்கள், தண்ணீரையும் நிறுத்துங்கள். கிளுவை கோடையில் இலை கொட்டுகிற செடி. வறட்சியைத் தாங்க அது வைத்திருக்கும் வழியே அதுதான். இலையில்லாத செடிக்குத் தினமும் ஊற்றினால் ஈரம் தங்கி அடி அழுகும், நீங்கள் பார்த்த கறுப்பு அதுதான்.

நகத்தால் பட்டையை லேசாகக் கீறுங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, சுக்காக இருந்தால் போய்விட்டது.

இன்னொன்று. போத்து துளிர்த்ததுமே வேர் விட்டுவிட்டது என்று நாமெல்லாம் நம்பிவிடுகிறோம். முதல் துளிர் போத்துக்குள் இருக்கும் சத்திலேயே வந்துவிடும், வேர் அப்புறம்தான். அந்த நாட்களில் ஆட்டிப் பார்த்தால் இளவேர் அறுந்துபோகும். என் முதல் வரிசையில் பாதியை நான் இப்படித்தான் இழந்தேன், இன்னும் வருத்தம் உண்டு. அடுத்த முறை வெட்டிய போத்தை நிழலில் சில நாள் போட்டு, வெட்டுவாய் காய்ந்த பிறகு நடுங்கள். அடிப்பக்கத்தைச் சாய்வாக வெட்டி வைத்தால் தலைகீழாக நட்டுவிடும் பயம் இல்லை.

பதில் 2:
அண்ணன் சொன்னது சரி. கவாத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உயரம் வரட்டும் என்று விட்டால் மேலே குடையாக விரிந்து, அடியில் நாய் நுழையும் அளவுக்குச் சந்து விழும். வேர் நன்றாகப் பிடித்ததும், அடுத்த துளிருக்கு முன் இடுப்பளவில் வெட்டுங்கள், பக்கக்கிளை அடியிலிருந்தே வரும். அடி அகலமாகவும் தலை குறுகலாகவும் இருக்கட்டும், வெளிச்சம் கீழ்வரை இறங்கும். ஆடு இருந்தால் முதல் இரண்டு வருடம் அண்ட விடாதீர்கள், கிளுவைத் தழை அதற்கு உயிர்.

கேட்டவர்:
இரண்டு பேருக்கும் நன்றி. காலையில் 38-ஐயும் கீறிப் பார்த்துவிட்டேன். 31 பச்சை, 7 சுக்கு. குழாயை மூடிவிட்டேன். அந்த ஏழு இடத்துக்கு வேறு போத்து வெட்டி வைக்க மழை இறங்கும் வரை பொறுத்திருக்கிறேன்.