கடிதத்தை மறைத்த கொலுசுப் படங்கள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து, கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுபவர்:

வடக்கே இருக்கும் வியாபாரிகள் எங்களுக்கு மாதிரிப் படங்களை மெயிலில்தான் அனுப்புவார்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், சலங்கைக்குப் பக்கத்தில் உள்ள நுணுக்க வேலை தெரியாது. போன ஐப்பசியில் ஒரு நாள் காலையில் நான்கு படங்களோடு ஒரு மெயில் வந்தது. படம் ஒவ்வொன்றும் நாலரை எம்பி. மெயிலைத் தொட்டதும் கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிட்டது. 2 ஜிபி மெமரி உள்ள பழைய பெட்டி, கூடவே கணக்கு மென்பொருளும் திறந்திருந்தது. அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால், மெயில் மென்பொருள் கடைசியாகப் பார்த்த அதே மெயிலைத் தானாகத் திறந்து மறுபடியும் நின்றது.

முந்தின வாரம் பேசி வைத்த டிசைன்தானே என்று முதலாளியும் பட்டறையில் வேலையை ஆரம்பிக்கச் சொல்லிவிட்டார். சாயங்காலம் பக்கத்துக் கடைத் தம்பி பிரவுசர் வழியாக அந்த மெயிலைத் திறந்து காட்டினான். படங்களுக்கு மேலே இரண்டே வரி: இரண்டாவது டிசைனை நிறுத்தி வையுங்கள், சலங்கை வரிசையை மாற்ற வேண்டும். அதற்குள் கம்பி இழுத்து, பொடி வைத்து ஊதி, பதினெட்டு ஜோடி முடிந்திருந்தது. வெள்ளியை உருக்கித் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இரண்டு பேர் உட்கார்ந்து செய்த ஒரு நாள் வேலை போனது போனதுதான்.

நாலரை எம்பி படம் ஒரு கம்ப்யூட்டரை எப்படி நிறுத்தும் என்று எனக்கு விளங்கவே இல்லை. தேடிப் படித்த பிறகுதான் புரிந்தது. ஜேபெக் என்பது அமுக்கி வைத்த படம். திரையில் காட்ட வேண்டுமானால் விரித்தாக வேண்டும். அந்தப் படங்களை எடுத்த கேமரா 6000க்கு 4000 புள்ளி, அதாவது 2.4 கோடி புள்ளி. புள்ளிக்கு நான்கு பைட் என்றால் ஒரு படத்துக்கு 96 எம்பி, நான்கு படத்துக்கு 384 எம்பி மெமரி. ஜன்னல் அகலத்துக்குச் சுருக்கிக் காட்டினாலும், வழக்கமாக முழுதாக விரித்துவிட்டுத்தான் சுருக்குகிறார்கள். மெயிலின் அளவைப் பார்த்து இந்தப் பாரத்தை ஊகிக்க முடியாது. எழுத்தை முதலில் காட்டிவிட்டு, "நான்கு படம், 18 எம்பி, திறக்கவா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். ஆர்டர் அந்த இரண்டு வரியில்தானே இருந்தது. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

ஏற்காடு, நாகலூர்ப் பக்கம், எஸ்டேட் அலுவலகம்:

எங்களுக்குக் காட்டுவதில் அல்ல, வந்து சேருவதிலேயே சிக்கல். மழைக்காலத்தில் சில்வர் ஓக் கிளை ஒடிந்து கம்பி மேல் விழுந்தால் கரண்ட் போகும், இணையமும் கூடவே போகும். ஒரு சர்வேயர் எஸ்டேட் வரைபடத்தை ஸ்கேன் செய்து 17 எம்பியில் அனுப்பினார். பாதி இறங்கும்போது லைன் அறுந்துவிடும். திரும்ப முதலிலிருந்து இறங்கும். மூன்று நாள் இதே கதை. அதற்குப் பின்னால் வரிசையில் நின்ற காபி வாங்குபவரின் மெயிலும் வரவில்லை, மிளகு விலை கேட்டு வந்ததும் வரவில்லை.

காரணம், எங்கள் மெயில் கணக்கு பாப் என்ற முறையில் இருந்தது. அது மெயிலை, இணைப்பாக வரும் கோப்புகளோடு முழுசாக இறக்கும். ஐமேப் என்ற இன்னொரு முறையில் மென்பொருள் சர்வரிடம் மெயிலின் அமைப்பை முதலில் கேட்கலாம்: எழுத்து எவ்வளவு, இணைப்பு எத்தனை, எது எவ்வளவு பெரிது என்று. எழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு இணைப்பைக் கேட்டபோது இறக்கலாம். மாற்றிக்கொண்ட பிறகு வரைபடம் சர்வரிலேயே இருக்கிறது, மற்ற மெயில்கள் வந்துவிடுகின்றன. ஒன்று கவனியுங்கள் அண்ணா, "எல்லா மெயிலையும் கம்ப்யூட்டரில் சேமி" என்று ஒரு அமைப்பு இருக்கும். அது போட்டிருந்தால் ஐமேப்பும் எல்லாவற்றையும் இறக்கிவிடும்.

அம்மாபேட்டை, பட்டு டிசைன் வரைபவர்:

நான் அனுப்புகிற பக்கத்தில் இருக்கிறேன், அதையும் சொல்கிறேன். ஜிமெயிலில் 25 எம்பி வரை அனுப்பலாம் என்று இருக்கிறது. என் 20 எம்பி பிட்மேப் கோப்பு (டிசைனைப் புள்ளி புள்ளியாக வைத்திருக்கும் படம்) மெயிலோடு போகாமல், கூகுள் டிரைவில் போய் எடுத்துக்கொள்ளும் லிங்க்காக மாறிவிட்டது. தறிக்காரர் லிங்க்கைத் திறக்கத் தெரியாமல் ஒரு நாள் காத்திருந்தார்.

மெயில் பிறந்தது வெறும் ஆங்கில எழுத்துகளை அனுப்பத்தான். 1992ல் மைம் என்ற முறை வந்தபோது, படத்தையும் எழுத்தாக மாற்றி அனுப்ப வழி செய்தார்கள். அதற்குப் பயன்படும் பேஸ் 64 முறையில் மூன்று பைட் நான்கு எழுத்தாகிறது. வரி முறிப்பையும் சேர்த்தால் 20 எம்பி 27 எம்பியைத் தாண்டுகிறது. ஆகவே 18 எம்பிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்கிறேன். டிசைன் பிட்மேப்பில் ஐந்தாறு நிறம்தான் இருக்கும், ஜிப் செய்தால், அதாவது அமுக்கி ஒரே பொட்டலமாகக் கட்டினால், மளமளவென்று குறைந்துவிடும். ஜிப்பாகப் போவதால் மெயிலுக்குள் படமாகவும் விரியாது. கொலுசுப் படங்களுக்கு ஜிப்பால் அளவு குறையாது, ஏற்கெனவே அமுக்கிய படம் அது. ஆனால் எழுத்தை மறைக்காமல் ஓரமாக நிற்கும்.

அஸ்தம்பட்டி:

நான் வைத்திருப்பது தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருள். அதில் வியூ மெனுவில் "டிஸ்ப்ளே அட்டாச்மென்ட்ஸ் இன்லைன்" என்று இருக்கும், டிக்கை எடுத்துவிட்டால் படங்கள் கீழே பெயராக மட்டும் நிற்கும். மேக் மெயிலில் படத்தின் மேல் வலது கிளிக் செய்து ஐகானாகக் காட்டச் சொல்லலாம். அனுப்புகிறவரின் மென்பொருளும் ஒவ்வொரு இணைப்புக்கும் "உள்ளே காட்டு" அல்லது "தனியாக வை" என்று குறிப்பு எழுதி அனுப்புகிறது. பெறுகிற மென்பொருள் அதை மதிக்கலாம், மதிக்காமலும் போகலாம். ஆகவே உங்கள் பக்கத்து அமைப்பை மாற்றுவதே உறுதியான வழி.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:

மூன்று பேருக்கும் நன்றி. எங்கள் மென்பொருளிலும் அப்படி ஒரு டிக் இருந்தது, எடுத்துவிட்டேன். தானாக முன்னோட்டம் காட்டும் பகுதியையும் மூடிவிட்டேன். வியாபாரியிடம் பேசி, முழு அளவுப் படங்களை ஜிப்பில் போட்டு, பார்வைக்கு ஒரு சின்னப் படம் மட்டும் வெளியே வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஐயோ பாவம், தன் மெயில் இந்தப் பாடு படுத்தியது அவருக்குத் தெரியவே தெரியாது.

நேற்று அவரிடமிருந்து மறுபடியும் மெயில் வந்தது. சலங்கை வரிசையில் ஒன்று குறைக்கச் சொல்லி எழுதியிருந்தார். ஜிப்பைத் திறக்கும் முன்பே எழுந்து போய்ப் பட்டறையில் சொல்லிவிட்டேன்.