எரிமலை உச்சிக்கு கீழ வர்ற சிவப்பு தூண் நிஜமா? டோமோகிராஃபி (நிலநடுக்க அலைய வச்சு பூமிக்குள்ள படம் எடுக்குறது) தெரிஞ்சவங்க சொல்லுங்க

செந்தணல்:
அமெரிக்காவுல இருக்குற செயின்ட் ஹெலன்ஸ் எரிமலைல பதிவான சின்ன சின்ன நிலநடுக்கங்களோட டேட்டா பொதுவுல கிடைக்குதுல்ல, அத எடுத்து பி அலை (நிலநடுக்கத்துல முதல்ல வந்து சேர்ற அலை) வந்து சேர்ந்த நேரத்த வச்சு அடியில இருக்குற பூமியோட மேலோட்டைப் படம் புடிக்கப் பாக்குறேன். இன்வெர்ஷன் (வந்த நேரத்துல இருந்து, பாறையில அலை போற வேகத்த பின்னோக்கி கணக்கிடுறது) ஓடிடுது, ஆனா ஒவ்வொரு தடவையும் உச்சிக்கு நேர் கீழ வேகம் கம்மியா ஒரு சிவப்பு தூண் 15 கி.மீ வரைக்கும் நெட்டுக்குத்தா இறங்குது. மாக்மா குழாயையே புடிச்சிட்டேன்னு ரெண்டு நாள் கால் தரையில படல, அப்புறம்தான் உதைச்சுது. டாம்பிங் (மாடல் ரொம்ப மாறாம அடக்கி வைக்கிற அளவு) கூட்டினா ஒல்லியாகுது குறைச்சா குண்டாகுது, போகத்தான் மாட்டேங்குது. செக்கர்போர்டு டெஸ்ட்ல (சதுரங்கக் கட்டம் மாதிரி போலி மாடல் குடுத்து அது திரும்பி வருதான்னு பாக்குறது) மேல்பகுதி கட்டம் கட்டமா நல்லாவே திரும்பி வருது. எங்க தப்பு?

பாறைமண்டை:
நிலநடுக்கம் பதியிற ஸ்டேஷனோட உயரம் குடுத்தீங்களா? மாடல் எந்த மட்டத்துல ஆரம்பிக்குது?

செந்தணல்:
கடல் மட்டம், 0. ஃபைல்ல உயரம் இருக்கு, ப்ரோக்ராம் அத படிக்குதான்னு பாக்கல ப்ரோ 😬

பாறைமண்டை:
அப்போ அதான். 1980 வெடிப்புல தலை போன பிறகும் அந்த மலை 2549 மீட்டர். ஒரு ஸ்டேஷன் 2 கி.மீ உயரத்துல இருக்குன்னு வைங்க, வழியில செகண்டுக்கு 3 கி.மீ வேகம்னா பி அலை 0.7 செகண்ட் கிட்ட லேட்டா வரும். ப்ரோக்ராமுக்கு மலைன்னு ஒண்ணு இருக்குறதே தெரியாது, அது அந்த லேட்டுக்கு கணக்கு காட்ட கீழ எங்கயாவது மெதுவான பாறைய வச்சிடும், உச்சிக்கு வர்ற கதிர்ல (அலை போற பாதை) நிறைய நெட்டுக்குத்தா ஏறி வர்றதால அது தூணா நீண்டுக்கும். செக்கர்போர்டு இத காட்டிக்குடுக்காது, போலி டேட்டாவ செஞ்சு தர்றதும் அதே ப்ரோக்ராம்தானே, திருடன் கையில சாவி மாதிரி. மாடலோட கட்டத்த கடல் மட்டத்துக்கு மேல 3 கி.மீ-ல இருந்து ஆரம்பிங்க.

நடுக்கம்ரசிகை:
இன்னொண்ணு, உங்க டேட்டாவுலயே ஆழமான நிலநடுக்கம் எத்தன கி.மீ? அதுக்கு கீழ கதிரே அனேகமா போகாது, அங்க தெரியிற கலர் எல்லாம் மேல இருந்து வழிஞ்சது. இன்னும் ஆழம் வேணும்னா தூரத்து நிலநடுக்கம் வேணும், இல்லன்னா 2014ல இதே மலைய சுத்தி ஐமஷ்ங்கிற ஆய்வுத் திட்டத்துல 23 வெடி வச்ச மாதிரி ஏதாவது. அப்புறம் பி அலை மட்டும் வச்சு மாக்மான்னு சொல்லாதீங்க ப்ளீஸ், சூடான பாறை, விரிசல் பாறை எல்லாமே மெதுவாத்தான் தெரியும். உருகின பாறையில, பி-க்கு பின்னாடி வர்ற எஸ் அலைதான் ரொம்ப அடிவாங்கும், அதனால பி/எஸ் வேக விகிதம் வழக்கமான 1.73ஐ விட ஏறும். வாயு நிறைஞ்ச இடத்துல இறங்கும்.

செந்தணல்:
மாத்தி ஓட்டினேன், தூண் காணோம் 😭 மேலாக்க ஒரு மெதுவான அடுக்கு மட்டும் மிச்சம். நிலநடுக்கங்களோட ஆழமும் நகந்திருக்கு, அது ஓகேவா?

பாறைமண்டை:
நகரத்தான் செய்யும். இடத்தையும் வேகத்தையும் சேர்த்தே தீர்க்கணும், ஒண்ண தப்பா வச்சா இன்னொண்ணு தாங்கிக்கும்.

செந்தணல்:
எஸ் அலைய எடுக்க ஆரம்பிச்சிருக்கேன், பி-யோட வால்லயே மறைஞ்சிடுது.

நடுக்கம்ரசிகை:
கருவியோட செங்குத்து சேனல்ல (மேல கீழ ஆட்டம் பதியிறது) தேடாதீங்க, கிடைமட்ட ஆட்டம் பதியிற ரெண்டையும் பாருங்க. தெளிவா இல்லாதத விட்டுடுங்க, தப்பா ஒண்ணு எடுத்தா இன்னொரு தூண் முளைக்கும்.