குரல்வழி பார்க்கின்சன் கண்டறியும் நிரல், நலமாக இருப்பவர்களையும் நோயாளி என்கிறது: பிழை எங்கே, வேறு தரவு எங்கே கிடைக்கும்?

கேள்வி: காரைக்குடி மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் காரைக்குடியில் முதுகலைக் கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். குரல் பதிவைக் கொண்டு பார்க்கின்சன் நோயை அடையாளம் காணும் நிரல் ஒன்றை இறுதியாண்டுத் திட்டப்பணிக்காக எழுதியிருக்கிறேன். இந்தத் தலைப்பை நான் எடுத்ததற்கு எங்கள் ஐயாதான் (தாத்தா) காரணம். அவருக்கு நான்கு ஆண்டுகளாக இந்த நோய் இருக்கிறது. முகப்பில் உட்கார்ந்தபடியே தெருமுனையில் போகிறவரைக் கூப்பிட்டு நிறுத்திய குரல், இன்று வீட்டுக் கூடமான பட்டாலையில் எதிரே அமர்ந்திருப்பவருக்கே சரியாகக் கேட்பதில்லை.

யூசிஐ இயந்திரக் கற்றல் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைக்கும் பார்க்கின்சன் குரல் தரவைப் பயன்படுத்தினேன். 195 பதிவுகளில் 80 சதவீதத்தைப் பயிற்சிக்கும் 20 சதவீதத்தைச் சோதனைக்கும் பிரித்து, பல முடிவு மரங்களின் வாக்கைச் சேர்த்து முடிவெடுக்கும் ரேண்டம் ஃபாரஸ்ட் முறையில் பயிற்றுவித்ததில் 97 சதவீதத் துல்லியம் கிடைத்தது. வழிகாட்டியும் மகிழ்ந்தார். பொங்கல் விடுமுறையில் ஊருக்குப் போனபோது, ஐயாவையும் உறவிலும் அக்கம்பக்கத்திலும் ஆறு பேரையும் "ஆ" என்று நீட்டி ஒலிக்கச் சொல்லிக் கைபேசியில் பதிவு செய்தேன். அவர்களில் இருவர் வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பினார்கள். குரலை அளக்கும் பிராட் மென்பொருளின் குரல் அறிக்கையில் வந்த எண்களைக் கையால் தட்டச்சு செய்து நிரலுக்குக் கொடுத்தேன். பிராட் தராத அளவுகளை விட்டுவிட்டு, மீதியை மட்டும் வைத்து மறுபடியும் பயிற்றுவித்திருந்தேன்.

ஏழு பேரையும் நோயாளி என்று நிரல் சொல்லிவிட்டது. பக்கத்து வீட்டு ஆச்சி ஒருவருக்கு 58 வயது. பேரனுக்குத் தாலாட்டுப் பாடினால் வீட்டின் மூன்றாம் கட்டு வரை தெளிவாகக் கேட்கும். அவருக்குத்தான் இருப்பதிலேயே அதிக நிகழ்தகவு வந்தது. இன்னும் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. பிழை எங்கே இருக்கிறது என்பதையும், ஒரு மாணவி முறைப்படி பெறக்கூடிய வேறு ஆய்வுத் தரவுகள் எவை என்பதையும் தெரிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

மறுமொழி 1: தேவகோட்டைக்காரன்

வணக்கம். இந்தத் தரவில் நானும் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டவன் என்பதால் எழுதுகிறேன். ஐயாவுக்கும் அந்த ஆச்சிக்கும் நீங்கள் கொடுத்த ஜிட்டர் (அதிர்வுக்கு அதிர்வு சுருதி மாறும் அளவு), ஷிம்மர் (அதேபோல ஒலியின் வலிமை மாறும் அளவு) எண்களை அப்படியே இங்கே இட முடியுமா? கூடவே பயிற்சித் தரவின் முதல் வரியையும் இடுங்கள். ஊகிப்பதைவிட எண்களைப் பார்த்துவிடுவது நல்லது.

மறுமொழி 2: காரைக்குடி மாணவி

ஆச்சிக்கு ஜிட்டர் 0.41, ஷிம்மர் 3.2. ஐயாவுக்கு ஜிட்டர் 0.93, ஷிம்மர் 6.8. தரவின் முதல் வரியில் ஜிட்டர் 0.00784, ஷிம்மர் 0.04374 என்று இருக்கிறது. இதை எழுதும்போதே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

மறுமொழி 3: தேவகோட்டைக்காரன்

உங்களுக்கே புரிந்துவிட்டது. அந்த நெடுவரிசையின் தலைப்பில் சதவீதக் குறி இருந்தாலும், உள்ளே இருப்பவை சதவீத எண்கள் அல்ல, பின்னங்கள். 0.00784 என்றால் 0.784 சதவீதம். பிராட்டின் அறிக்கையோ சதவீதமாகவே காட்டும். நீங்கள் அதை அப்படியே தட்டச்சு செய்ததால், ஆச்சியின் குரல் நூறு மடங்கு நடுங்குவதாக நிரல் எடுத்துக்கொண்டது. 100ஆல் வகுத்தால் அவருடைய ஜிட்டர் 0.0041, அந்தத் தரவில் நலமாக இருப்பவர்களின் சராசரியும் ஏறத்தாழ அதுதான்.

இது எளிதில் திருத்தக்கூடிய பிழை. 97 சதவீதம் என்ற எண்ணில் இருக்கும் பிழைதான் பெரியது. தேர்வாளர் கேட்டால் அதற்குத்தான் உங்களிடம் பதில் இருக்காது. அந்த 195 பதிவுகளும் 195 பேருடையவை அல்ல, 31 பேருடையவை. ஒருவருக்குச் சுமார் ஆறு பதிவுகள் உண்டு. பெயர் நெடுவரிசையில் "ஃபோன்_ஆர்01_எஸ்01_1" என்று இருக்கிறதல்லவா? அதில் எஸ்01 என்பது ஆளைக் குறிக்கும், கடைசி எண் அந்த ஆளின் எத்தனையாவது பதிவு என்பதைக் குறிக்கும். நீங்கள் பதிவுவாரியாகக் கலைத்துப் பிரித்ததால், ஒரே ஆளின் நான்கைந்து பதிவுகள் பயிற்சியிலும் ஒன்றிரண்டு சோதனையிலும் போய்ச் சேர்ந்தன. ஆகவே நிரல் நோயைக் கற்கவில்லை, ஆளை நினைவில் வைத்துக்கொண்டது. பிரிப்பதை ஆள்வாரியாகச் செய்யுங்கள். சைக்கிட்-லேர்ன் என்ற பைத்தான் நிரலகத்தில் குரூப் கே-ஃபோல்ட் என்ற பிரிப்பு முறை இதற்காகவே இருக்கிறது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 195 பதிவுகளில் 147 நோயாளிகளுடையவை. கண்ணை மூடிக்கொண்டு எல்லாரையும் நோயாளி என்று சொன்னாலே 75 சதவீதத் துல்லியம் வந்துவிடும். எனவே துல்லியத்தை மட்டும் எழுதாமல், நலமானவர்களில் எத்தனை பேரைச் சரியாகச் சொன்னது என்பதைத் தனியாக எழுதுங்கள். நலமானவர்கள் எட்டே பேர்தான் என்பதால் அந்த எண் ஊசலாடும். ஊசலாடுகிறது என்றே எழுதிவிடுங்கள். சராசரிச் சுருதியையும் பாருங்கள். நலமானவர்களின் பதிவுகளில் அது சுமார் 182 ஹெர்ட்ஸ், நோயாளிகளின் பதிவுகளில் சுமார் 145 ஹெர்ட்ஸ். ஆண் குரல் தாழ்ந்தும் பெண் குரல் உயர்ந்தும் இருப்பது இயல்பு. நோயைப் பார்க்காமல் ஆணா பெண்ணா என்று பார்த்தே தீர்ப்புச் சொல்ல நிரலுக்கு இந்த ஒரு நெடுவரிசை போதும்.

பதிவு செய்த இடத்தையும் சொல்ல வேண்டும். மூலத் தரவு ஒலித்தடுப்பு அறையில், உதட்டிலிருந்து 8 செ.மீ. தொலைவில் தலையில் பொருத்திய ஒலிவாங்கியால் எடுக்கப்பட்டது. நம் ஊர் வீடுகளில் ஆத்தங்குடிக் கல் தரையும் உயர்ந்த கூரையும் முட்டை வெள்ளை பூசிய சுவரும் சேர்ந்து ஒரு சொல்லை இரண்டாகத் திருப்பித் தரும். அதற்கு மேல் மின்விசிறி வேறு. இவை எல்லாமே குரலில் இரைச்சலாகப் பதிவாகும். மெத்தையும் தலையணையும் அடுக்கிய சிறிய உள்ளறையில், விசிறியை நிறுத்திவிட்டு, சுருக்கப்படாத வேவ் கோப்பாகப் பதிவு செய்யுங்கள். வாட்ஸ்அப் ஒலியைச் சுருக்கிவிடுவதால் அந்த இரண்டு பதிவுகளையும் கைவிட்டுவிடுவதே மேல். இவ்வளவு செய்தாலும் அந்தத் தரவு எம்டிவிபி என்ற வேறொரு மென்பொருளால் அளந்தது, உங்களுடையது பிராட்டால் அளந்தது என்ற வேறுபாடு எஞ்சியிருக்கும்.

மறுமொழி 4: மதுரை நரம்பியல் பயிற்சி மருத்துவர்

கணக்கைப் பற்றி மேலே எழுதியவர் சரியாகச் சொல்லிவிட்டார். மருத்துவத் தரப்பிலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன். முதலாவதாக, யாரிடமும் முடிவைச் சொல்லாமல் இருந்தது மிகச் சரி. இனியும் சொல்ல வேண்டாம். பார்க்கின்சன் நோயை நாங்கள் இன்றும் உடலைப் பரிசோதித்துத்தான் கண்டறிகிறோம். பன்னாட்டு இயக்கக் கோளாறு சங்கம் 2015இல் வெளியிட்ட அளவுகோல்படி அசைவுகளில் மந்தம் கட்டாயம் இருக்க வேண்டும். அதோடு ஓய்வுநிலை நடுக்கமோ தசை விறைப்போ சேர்ந்திருக்க வேண்டும். குரல் தாழ்வது பலருக்கு நேர்கிறது என்றாலும், அது முதுமையிலும் தொண்டைக் கோளாறுகளிலும் வேறு நரம்புச் சிதைவு நோய்களிலும் நேரும்.

உங்கள் தரவில் இருப்பவை பார்க்கின்சன், நலம் என்ற இரண்டே பெட்டிகள். இயக்க நரம்பணு நோயால் குரல் கெட்ட ஒருவர் வந்தால் நிரல் அவரை இந்த இரண்டில் ஒன்றில் போட்டே தீரும். நம் பகுதியோடு தொடர்புடைய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. மதராஸ் இயக்க நரம்பணு நோய் என்று பாடநூல்களில் இடம்பெற்றிருப்பது, 1970இல் சென்னையிலிருந்து விவரிக்கப்பட்ட வகை. இளம் வயதிலேயே தொடங்கி, முகத்திலும் தொண்டையிலும் தசைத் தளர்ச்சியையும் காது கேளாமையையும் உண்டாக்கும். அந்நோயாளியின் குரலை உங்கள் நிரல் என்னவென்று சொல்லும் என்று யோசித்துப் பாருங்கள். ஆகவே திட்டப்பணியின் தலைப்பில் "கண்டறிதல்" என்ற சொல் இருந்தால், "வேறுபாடுகளை ஒப்பிடுதல்" என்பதுபோல மாற்றிவிடலாம்.

இனி தரவுகள். யூசிஐ களஞ்சியத்திலேயே தொலைநிலைக் கண்காணிப்புத் தரவு ஒன்று இருக்கிறது: 42 பேரிடம் ஆறு மாத காலம் வீட்டிலேயே எடுத்த 5,875 பதிவுகள். ஆனால் 42 பேருமே தொடக்கநிலை நோயாளிகள், நலமானவர் ஒருவர்கூட இல்லை. நோய் இருக்கிறதா என்று கேட்க அது உதவாது. நோயின் கடுமையைக் குரலிலிருந்து மதிப்பிட முடியுமா என்று கேட்க உதவும். 2015இல் ஐஃபோன் செயலி வழியாகத் தொடங்கிய எம்பவர் ஆய்வில் ஆயிரக்கணக்கானோரின் குரல் இருக்கிறது. மாத்திரைக்கு முன், மாத்திரைக்குப் பின், வேறு நேரம் என்று பிரித்துப் பதிவு செய்திருப்பது அதன் சிறப்பு. ஆனால் நோய் இருப்பதைப் பங்கேற்பாளர்களே சொல்லிக்கொண்டார்கள். தவிரவும், நலமானவர்களில் பெரும்பாலோர் நோயாளிகளைவிட மிகவும் இளையவர்கள். வயதைச் சமன் செய்யாமல் பயிற்றுவித்தால் உங்கள் நிரல் நோய்க்குப் பதில் நரையைத்தான் கண்டுபிடிக்கும்.

நோயின் உயிரியலைப் படிக்க விரும்பினால் பிபிஎம்ஐ இருக்கிறது. மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் அறக்கட்டளை 2010இல் தொடங்கிய தொடர் ஆய்வு அது. மரபணு, மூளைப்படம், முதுகுத்தண்டு நீர் ஆகியவற்றின் அளவுகள் ஆண்டுவாரியாகக் கிடைக்கும். விண்ணப்பித்து, தரவுப் பயன்பாட்டு ஒப்பந்தத்தை ஏற்க வேண்டும்; கட்டணம் இல்லை. பெற்ற தரவை நண்பர்களுக்குக் கொடுக்கக் கூடாது. இதன் பயன் எத்தகையது என்பதற்கு ஒன்று சொல்கிறேன்: 2023இல் லான்செட் நியூராலஜி மருத்துவ இதழில் வந்த ஆய்வு, பிபிஎம்ஐயின் 1,123 பங்கேற்பாளர்களின் முதுகுத்தண்டு நீரில் ஆல்ஃபா-சினுக்ளீன் புரதத்தின் பிறழ்ந்த வடிவத்தைத் தேடி, பார்க்கின்சன் நோயாளிகளில் 87.7 சதவீதத்தினரிடம் அதைக் கண்டது. அல்சைமர் நோய்க்கு 2004இல் தொடங்கிய ஏடிஎன்ஐ ஆய்வும் இதே வகையில் இயங்குகிறது. நம் பக்கத்து மக்களிடம் நடக்கும் ஆய்வு வேண்டுமானால், பெங்களூரு இந்திய அறிவியல் கழக வளாகத்தில் உள்ள மூளை ஆய்வு மையம் கோலார் மாவட்டம் சீனிவாசபுரத்தில் கிராமத்து முதியோரிடம் நடத்தும் சான்ஸ்காக் ஆய்வின் கட்டுரைகளைப் படியுங்கள். பெங்களூருவில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸின் மூளைத் திசுக் களஞ்சியம் 1995 முதல் இருக்கிறது, ஆனால் அது உங்கள் திட்டப்பணிக்குத் தேவைப்படாது.

மறுமொழி 5: நூலகப் பணியாளர், காரைக்குடி

கட்டுரைகளைப் பணம் கட்டி வாங்க வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட்டில் தேடும்போது "இலவச முழுக் கட்டுரை" என்ற வடிகட்டியைத் தேர்ந்தெடுத்தால் பப்மெட் சென்ட்ரலில் உள்ளவை வந்துவிடும். தாங்கள் படிப்பது அரசு நிறுவனம் என்றால், 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த "ஒரே நாடு ஒரே சந்தா" திட்டத்தின் கீழ் 30 பதிப்பகங்களின் இதழ்களை பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃப்ளிப்நெட் மையம் வழியாகப் படிக்கலாம். நூலகத்தில் கேட்டால் பதிவு செய்து தருவார்கள்.

ஐயாவுக்கு வீட்டில் யாராவது புதிய சிகிச்சை, ஸ்டெம் செல் என்று சொல்லிக்கொண்டு வந்தால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவகமான சிடிஆர்ஐயில் அந்தச் சிகிச்சையின் பெயரைத் தேடிப் பாருங்கள். 2009 ஜூன் முதல் இந்தியாவில் மருத்துவச் சோதனைகளை அதில் பதிவு செய்வது கட்டாயம். பதிவாகியிருப்பது அங்கீகாரம் ஆகாது. ஆனால் பங்கேற்பவரிடமே பணம் கேட்டுக்கொண்டு, பதிவும் இல்லாமல் நடப்பது சோதனையே அல்ல. எங்கள் உறவினர் ஒருவர் இப்படி ஓர் இடத்தில் நகையை அடகு வைத்துப் பணம் கட்டிவிட்டு வந்தார். ரசீதில் "ஆலோசனைக் கட்டணம்" என்று மட்டுமே இருந்தது.

மறுமொழி 6: காரைக்குடி மாணவி

அனைவருக்கும் நன்றி. எண்களை 100ஆல் வகுத்து, ஆள்வாரியாகப் பிரித்து, வாட்ஸ்அப் பதிவுகளை நீக்கி மறுபடியும் செய்தேன். துல்லியம் 97இலிருந்து 79க்கு இறங்கிவிட்டது. நலமானவர்களின் பதிவுகளில் ஏறத்தாழ பாதியைத்தான் சரியாகச் சொல்கிறது. ஆச்சி நோயாளிப் பட்டியலிலிருந்து வெளியே வந்துவிட்டார். ஐயாவுக்கு நோய் இருக்கும் நிகழ்தகவு 0.6 என்று வருகிறது. ஆனால் 70 வயதாகும் எங்கள் சின்ன ஐயாவுக்கும் அதே 0.6தான் வருகிறது, அவர் தினமும் சைக்கிளில் செக்காலைக்குப் போய் வருகிறவர்.

97ஐ எடுத்துவிட்டு 79ஐ எழுதப் போகிறேன் என்றபோது வழிகாட்டி சிறிது தயங்கினார். இரண்டு முறைகளையும் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டியதும் அதையே ஒரு தனி இயலாக எழுதச் சொல்லிவிட்டார். அடுத்து, ஊரில் முப்பது முதியோரிடமாவது முறையாகப் பதிவு செய்யலாம் என்று நினைக்கிறேன். அதற்கு என்ன அனுமதி வேண்டும்?

மறுமொழி 7: மதுரை நரம்பியல் பயிற்சி மருத்துவர்

தங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவிடம் ஒப்புதல் பெற்ற பிறகுதான் முதல் பதிவையே எடுக்க வேண்டும். ஏற்கெனவே எடுத்த ஏழு பதிவுகளையும் ஆய்வில் சேர்க்க முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளைப் பின்பற்றி ஒப்புதல் படிவத்தைத் தமிழில், பெரிய எழுத்தில் தயாரியுங்கள். குரலைக் கேட்டே ஊரில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால், ஒலிக்கோப்பைப் பொதுவில் வெளியிடப் போகிறீர்களா, அளவுகளை மட்டுமா என்பதைப் படிவத்திலேயே எழுதிவிடுங்கள். படிக்கத் தெரியாதவரிடம் படிவத்தை வாசித்துக் காட்டிப் பெருவிரல் ரேகை வாங்கும்போது, ஆய்வில் தொடர்பில்லாத சாட்சி ஒருவர் உடனிருந்து கையெழுத்திட வேண்டும். அந்தச் சாட்சியாகத் தாங்களோ தங்கள் வீட்டாரோ இருக்கக் கூடாது.