திராட்சை ஏன் சில நீளம், சில உருண்டை? காய் தந்து உதவுவீர்களா?

வணக்கம். ஹட்டன் பக்கம் உயர்தர மாணவருக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். போன வாரம் ஒரு பிள்ளை கேட்ட கேள்விதான் தலைப்பில் இருக்கிறது. தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்த பிள்ளை, திராட்சைக் கொடியைக் கண்ணால் கண்டதில்லை. அந்தக் கேள்விக்குப் புத்தக விடை மட்டும் சொல்ல எனக்கு மனமில்லை.

பூத்த பின் முதல் சில வாரங்களில்தான் கலங்கள் வேகமாகப் பிரிகின்றன. பிறகு காய் கொஞ்சக் காலம் அப்படியே நிற்கும். அப்புறம் மென்மையாகி, நிறம் மாறி, சீனி ஏறி மறுபடி பெருக்கும். இந்தக் கடைசிப் பெருக்கத்தில் புதுக் கலங்கள் ஏறக்குறைய உருவாவதே இல்லை. இருக்கிற கலங்களே நீரும் சீனியும் நிறைந்து பெரிதாகின்றன. கலங்கள் எந்தத் திசையில் கூடுதலாகப் பிரிகின்றன, நீள்கின்றன என்பதைப் பொறுத்தே காயின் வடிவம் அமைகிறது.

இதை நுணுக்குக்காட்டியில் காட்ட ஆசை. யாழ்ப்பாணத்திலோ பதுளை, பண்டாரவளைப் பக்கமோ வீட்டில் கொடி வைத்திருப்பவர்கள், பூ உதிர்ந்ததிலிருந்து வாரத்துக்கு 3 காய்கள் பறித்து 70% அற்ககோலில் போட்டு வைப்பீர்களா? போத்தலில் திகதி எழுதினால் போதும், தபால் செலவு என்னுடையது. நீளக் காய் காய்க்கும் கொடி என்றால் இன்னும் சந்தோசம்.

இன்னொன்று: பழுத்த காயைப் பிளேட்டால் மெல்லிதாகச் சீவினால் நசுங்கிவிடுகிறது. அனுபவமுள்ள ஆசிரியர்கள் ஒரு வழி சொல்லுங்கள்.