சாம்பா பகிர்வின்ர பெயர் தெரியுது, போல்டர் திறக்குதில்லை (உபுண்டு ஸ்டூடியோ 24.04)

கேள்வி – கிளிநொச்சி

வணக்கம். எங்கட பக்கத்து வயசானவையின்ர அருவிவெட்டுப் பாட்டு, ஒப்பாரி, கூத்துப் பாட்டுகளைப் பதிஞ்சு வைக்கிறம். பதிவறையில ஒரு லப்டொப், ஆர்டோர் எண்ட ஒலிப்பதிவு மென்பொருளில 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ். மிக்சிங் கொம்பியூட்டர் அடுத்த அறையில. அதின்ர ஃபான் சத்தம் மைக்கில விழக்கூடாதெண்டு பிரிச்சு வைச்சனாங்கள்.

மிக்சிங் கொம்பியூட்டரில உபுண்டு ஸ்டூடியோ (ஒலி வேலைக்கான லினக்ஸ்) 20.04 இருக்கேக்க எல்லாம் ஓடினது. டிஸ்க் பழுதாகி, புது டிஸ்கில 24.04 போட்டம். சாம்பா (நெட்வேர்க்கில போல்டர் பகிர்ற மென்பொருள்) அமைப்புக் கோப்பைப் பழையபடியே வைச்சிருக்கு. இப்ப லப்டொப்பில "பதிவு" எண்ட பெயர் தெரியுது, "ஒலி" பயனர் பெயரும் பாஸ்வேட்டும் குடுத்தா உள்ளே விடுதில்லை. ஃபயர்வோல் நிப்பாட்டிப் பார்த்தும் அதே. ஒராள் போல்டருக்கு 777 (எல்லாருக்கும் முழு உரிமை) குடுக்கச் சொல்றார். சனிக்கிழமை ஒரு ஆச்சி பாட வாறா, 80 தாண்டினவ. அவவைத் திருப்பிப் பாடுங்கோ எண்டு கேக்க ஏலாது.

பதில் – வவுனியா

தம்பி, 777 வேண்டாம். ஃபயர்வோலைத் திரும்பப் போடுங்கோ, சாம்பாவின்ர 445ஆம் போர்ட்டை மட்டும் உள் நெட்வேர்க்குக்குத் திறந்தாக் காணும். பெயர்ப் பட்டியல் வருகுதெண்டா வயர், ஐபி, 445 மூண்டும் சரி. கீழ்ப் படிகளை இனித் தொட வேண்டாம்.

அடுத்தது பயனர். சாம்பாவின்ர பாஸ்வேட் லினக்ஸ் பாஸ்வேட்டில்லை, அதுக்குத் தனிக் களஞ்சியம். அமைப்புக் கோப்பைக் கொப்பி பண்ணினா அது கூட வராது. உபுண்டுவின்ர வழமையான அமைப்பில, தெரியாத பயனர் பெயர் வந்தா சாம்பா விருந்தாளியாக்கிப் பட்டியலைக் காட்டும், போல்டரை மறுக்கும். ஆகவே பிடிபி-எடிட்டில (சாம்பா பயனர் பட்டியலைக் காட்டுற கட்டளை) "ஒலி" இருக்கோ எண்டு முதல் பாருங்கோ.

பதில் – முல்லைத்தீவு

ரெண்டும் லினக்ஸ் தானே, என்எஃப்எஸ் (போல்டர் பகிர்ற இன்னொரு முறை) போட்டா பாஸ்வேட் கரைச்சலே இல்லை.

பதில் – வவுனியா

உண்மை தான், ஆனா அதில உரிமை பயனர் எண்ணில தங்கியிருக்கு. லப்டொப்பில 1000 ஆ இருக்கிறவர் மற்றதில 1001 எண்டா எழுத ஏலாது. ஒரு பிழையைத் தேடேக்க ரெண்டாவது மாற்றத்தைக் கொண்டுவந்தா எது திருத்தினதெண்டு தெரியாமப் போகும். சாம்பாவை முடிப்பம்.

கேள்வி கேட்டவர்

பிடிபி-எடிட்டில "ஒலி" இருக்கு அண்ணை. போல்டர் மிக்சிங் கொம்பியூட்டரில "மிக்ஸ்" பயனரின்ர ஹோமுக்குள்ள இருக்கு.

பதில் – வவுனியா

அது தான் இடம். உபுண்டு 21.04 இலிருந்து புதுசா உருவாகிற ஹோம் போல்டருக்கு 750 உரிமை (மற்றவைக்கு ஒண்டுமில்லை), முந்தி 755 (மற்றவையும் உள்ளே போய்ப் பாக்கலாம்). "ஒலி" வேற ஆள், "மிக்ஸ்" குழுவிலயும் இல்லை, அதால ஹோமுக்குள்ளயே கால் வைக்க ஏலாது. உள்ளே "பதிவு" போல்டருக்கு 777 குடுத்தாலும் படலை பூட்டியிருக்க வீட்டுக் கதவைத் திறந்த மாதிரித் தான்.

உறுதிப்படுத்த, என் ஏ எம் ஈ ஐ எண்ட கட்டளையைச் சின்ன எல் குறியோட அந்தப் பாதைக்குப் போடுங்கோ. ஒவ்வொரு படியின்ர உரிமையும் வரிசையா வரும்.

கேள்வி கேட்டவர்

ஓம் அண்ணை! "மிக்ஸ்" வரியில கடைசி மூண்டு இடமும் (மற்றவையின்ர உரிமை) வெறும் கோடு. அதுக்கு மேலயும் கீழயும் எல்லாம் திறந்து தான் கிடக்கு.

பதில் – வவுனியா

ஹோமைத் திறக்காதேங்கோ. போல்டரை எஸ்ஆர்வி (/srv, ஹோமுக்கு வெளியில உள்ள பொது இடம்) எண்டதுக்குக் கீழ மாத்துங்கோ, ஒரு குழு உருவாக்கி "மிக்ஸ்", "ஒலி" ரெண்டையும் சேருங்கோ, போல்டரை அந்தக் குழுவுக்கு மாத்தி 2770 (உரிமையாளருக்கும் குழுவுக்கும் முழு உரிமை, மற்றவைக்கு இல்லை) குடுங்கோ. முன்னால நிக்கிற 2 இருந்தா புதுக் கோப்புகளும் அந்தக் குழுவுக்கே போகும். குழுவும் எழுதக்கூடியதா, சாம்பாவில கோப்புக்கு 0660, போல்டருக்கு 2770 எண்டு கட்டாயப்படுத்துங்கோ. பாதையை மாத்தி, சாம்பாவை மீளத் தொடங்குங்கோ.

கேள்வி கேட்டவர்

திறக்குது, எழுதவும் விடுது. மிச்சம் நன்றி அண்ணை. சனிக்கிழமை லப்டொப்பிலயிருந்து நேரா அந்தப் போல்டருக்கே பதியலாமோ?

பதில் – வவுனியா

வேண்டாம். வேகம் காணும்: ஒரு ட்ராக்குக்கு செக்கனுக்கு 144 கிலோபைட் தான். ஆனா கரண்ட் போய் ரவுட்டர் நிண்டா லப்டொப் பற்றரியில ஓடிக்கொண்டிருக்க, எழுதுற இடம் காணாமப் போயிடும். லப்டொப் டிஸ்கிலயே பதியுங்கோ. ஆச்சி பாடி முடிய ஆர்டோரை மூடிப்போட்டு, செஷன் போல்டரை முழுசாக் கொப்பி பண்ணுங்கோ. நாலு ட்ராக் ஒரு மணித்தியாலம் கிட்டத்தட்ட 2 கிகாபைட், 100 மெகாபிட் வயரில மூண்டு நிமிசமளவில போயிடும். ஒரே செஷனை ரெண்டு கொம்பியூட்டரிலயும் ஒரே நேரம் திறக்காதேங்கோ. கொப்பியை மிக்சிங் கொம்பியூட்டரில திறந்து கேட்டுப் பாக்கும் வரைக்கும் லப்டொப்பில உள்ளதை அழிக்க வேண்டாம்.