கையால் ஓட்டும் கார், ஏழாம் மாதம்: சீட்டைப் பின்னால் தள்ளினால் லீவர் எட்டவில்லை

கேள்வி: காவேரிக்கரை (திருச்சி)

எனக்கு ரெண்டு காலும் போலியோ. காலிப்பர் (காலைத் தாங்கற பட்டைச் சட்டம்) போட்டு ஊன்றுகோலோட நடப்பேன். ஆட்டோமேட்டிக் கார்ல ஹேண்ட் கன்ட்ரோல் மாட்டி ஓட்டறேன். இடது கையில லீவர்: தள்ளினா பிரேக், இழுத்தா ஆக்ஸிலரேட்டர். வலது கைக்கு, ஒரே கையால பிடிச்சுச் சுத்த ஸ்டீயரிங்ல குமிழ். ஆர்.சி., லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாத்துலயும் இந்த மாற்றம் பதிவாகியிருக்கு, அதுல சிக்கல் இல்லை.

சிக்கல் வயிறுதான். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் யூ டர்ன் அடிக்கும்போது குமிழ் கீழே வந்து வயித்தை உரசிட்டுப் போகுது. சீட்டைப் பின்னால தள்ளினா பிரேக்கை முழுசா அழுத்த கை நேரா நீண்டுடுது, வேகம் கொடுத்து தள்ள முடியல. பிள்ளை பிறக்கற வரைக்கும் காரைத் தொடாதேங்கறாங்க மாமியார். காலிப்பரோட ஷேர் ஆட்டோவுல ஏறி இறங்கறது என்ன பாடுன்னு அவங்களுக்குத் தெரியாது. இதைக் கடந்து வந்தவங்க யாராவது இருக்கீங்களா? குழந்தை வந்தப்புறம் எப்படி ஓட்டினீங்கன்னும் சொல்லுங்க.

பதில்: சிங்காநல்லூர்க்காரி

நானும் அதே கேஸ்தான் தங்கச்சி, ரெண்டு பிள்ளைங்க. சீட்டை மட்டும் தள்ளாதே. ஸ்டீயரிங்கை முதல்ல மேலே தூக்கு, அப்புறம் சீட்டை ஒவ்வொரு பல்லா நகர்த்து. ஏர்பேக் இருக்கறதால ஸ்டீயரிங் நடுவுக்கும் உன் நெஞ்செலும்புக்கும் 25 செ.மீ. இருந்தே ஆகணும். டெய்லர் டேப் வெச்சு அளந்துக்கோ. அந்த இடைவெளியில உட்கார்ந்தா லீவர் எட்டலேன்னா, மாத்த வேண்டியது லீவரைத்தான்.

எனக்கு எட்டாம் மாசம் கால் வீங்கி, தொடைப் பட்டையில கடைசி ஓட்டைக்குப் போயும் காலிப்பர் பத்தல. காருக்குள்ள உட்காரத் தம் பிடிச்சு உடம்பைத் தூக்கறப்போ மூச்சு வாங்கிடும். அப்பத்தான் சாவியை வீட்டுக்காரர்கிட்ட கொடுத்தேன். அது நானா எடுத்த முடிவு, யாரும் சொல்லி இல்லை.

பிரசவத்துக்கு அப்புறம் இன்னொண்ணு. சிசேரியன் ஆனவங்களை ஆறு வாரம் போல பொறுக்கச் சொல்வாங்க, அது காலால பிரேக் மிதிக்கறவங்களை மனசுல வெச்சு. நமக்கு சீட்டுல ஏறும்போதே முழு பாரமும் கையிலயும் வயித்துத் தசையிலயும்தான் விழும், தையல் அங்கேதான் இருக்கு. டாக்டர்கிட்ட ‘ஓட்டலாமா’ன்னு மட்டும் கேட்காதே. எப்படி ஏறுவேன்னு நடிச்சே காட்டு.

பதில்: வைகைத் தம்பி

அக்கா, சீட் பெல்ட் வயித்தை அழுத்துமே, பக்கத்துத் தெருவுக்குன்னா கழட்டிடலாமே?

பதில்: சிங்காநல்லூர்க்காரி

கழட்டவே கூடாது தம்பி. இடுப்புப் பட்டை வயித்துக்குக் கீழே, இடுப்பெலும்பு மேல. தோள் பட்டை மார்புக்கு நடுவுல இறங்கி வயித்தோட பக்கவாட்டுல போகணும். வயித்து மேலேயே பட்டையைப் போட்டாத்தான் ஆபத்து.

பதில்: மதுரை ஃபிட்டர்

மேடம், நான் ஹேண்ட் கன்ட்ரோல் மாட்டற வேலைதான் பார்க்கறேன். லீவரை நீட்ட லோக்கல் பட்டறையில வெல்டிங் மட்டும் வெச்சுடாதீங்க. பிரேக் ராடுல வெல்டிங் விட்டுப்போனா மறுவாய்ப்பு கிடையாது. நிறைய மாடல்ல பிடியோட தண்டையே லாக் நட்டைத் தளர்த்தி முன்னே பின்னே தள்ளலாம், மாட்டினவர்கிட்டயே போங்க. பிரேக்கை முழுசா தள்ளினப்புறமும் முழங்கை கொஞ்சம் மடங்கியே இருக்கணும், அதுதான் சரியான அளவு. குமிழை நாலு மணி இடத்துலேர்ந்து ரெண்டு மணி இடத்துக்கு ஏத்திக்கலாம். நேரா ஓட்டும்போது வயித்தை விட்டு விலகியிருக்கும். யூ டர்ன்ல எப்படியும் கீழே வரும், அதனால அது இல்லாத வழியா சுத்திப் போங்க.

பதில்: சிங்காநல்லூர்க்காரி

குழந்தையைப் பத்திக் கேட்டிருந்தியே. மத்த அம்மாக்கள் இடது கையைப் பின்னால நீட்டி தட்டிக் கொடுப்பாங்க. நமக்கு ஒரு கை லீவர்ல, ஒரு கை குமிழ்ல, மூணாவது கை கிடையாது. அழுதா அழட்டும், பாதுகாப்பா ஓரம் கட்ட இடம் வர்ற வரைக்கும் ஓட்டு. அவிநாசி ரோடுல அழுகையோடவே எத்தனையோ தடவை போயிருக்கேன்.

குழந்தை சீட்டைப் பின் சீட்டுல இடது பக்கம் மாட்டு, பிளாட்பார ஓரமா கதவு திறக்கலாம். பின்னோக்கி உட்கார்ற சீட்டை ஏர்பேக் வேலை செய்யற முன் சீட்டுல வைக்கவே கூடாது. ஐ-சைஸ் (குழந்தை சீட்டுக்கான பாதுகாப்புத் தரம்) முத்திரை போட்ட சீட்டுன்னா குறைஞ்சது 15 மாசம் வரை பின்னோக்கித்தான். கதவுப் பக்கம் திரும்பற மாதிரி சுழலும் சீட் கிடைச்சா காசைப் பார்க்காதே. ஊன்றுகோலைக் கதவுல சாய்ச்சிட்டு, கார் விளிம்புல உட்கார்ந்தே பிள்ளையை எடுத்துடலாம். மடியில வெச்சுட்டுப் போனா 1,000 ரூபாய் அபராதமும் உண்டு.

பதில்: காவேரிக்கரை

அக்கா, அளந்தேன், 19 செ.மீ.தான் இருக்கு. நாளைக்கே லீவர் மாட்டினவர்கிட்ட போறேன், அதுவரைக்கும் வீட்டுக்காரர் ஓட்டட்டும். சுழலும் சீட்டுக்கு ஐசோஃபிக்ஸ் கொக்கி (குழந்தை சீட்டை மாட்ட கார்லயே இருக்கற கொக்கி) வேணும்கறாங்க, என் கார் பழசு, அதுல கொக்கி இல்லை. பெல்ட்லயே மாட்டற மாதிரி சுழலும் சீட் யாராவது வெச்சிருக்கீங்களா?