புதுப்பிப்பு: லே பயணத்துக்கு ஒப்புதல் வந்துவிட்டது

பனியாறு ஆய்வுக்காக லடாக் போக எங்கள் அமெரிக்கப் பல்கலைக்கழகம் விடுமா என்று கேட்டிருந்தேன். லே போகலாம், ஸ்ரீநகர் வழியாகப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

அமெரிக்க வெளியுறவுத் துறை 2018 முதல் நாடுகளுக்கு 1 முதல் 4 வரை எச்சரிக்கை நிலை தருகிறது. பல பல்கலைக்கழகங்களுக்கு அதுதான் அளவுகோல். 3, 4 என்றால் தனி அனுமதி வேண்டும். நான் விண்ணப்பித்தபோது இந்தியா 2, ஜம்மு காஷ்மீர் 4. கிழக்கு லடாக்குக்கும் லேவுக்கும் விலக்கு இருந்தது. அதனால் நாட்டின் எண்ணோடு நிறுத்தாதீர்கள், வழியில் வரும் ஊர்களையும் பாருங்கள்.

பயணத்தைப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்யாவிட்டால் எங்களுக்குக் காப்பீடும் கிடையாது. லே சுமார் 3,500 மீட்டர் உயரம். மூச்சுத் திணறினால் உடனே கீழே இறக்கியாக வேண்டும், அந்தச் செலவை மாணவரால் தாங்க முடியாது. தயவுசெய்து டிக்கெட் போடும் முன்பே பதிவு செய்துவிடுங்கள்.